விரதம் இருக்கும் முன் மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தைப்பூசம் நெருங்குகிறது. விரத முறை, காவடி, தண்ணீர்ப் பந்தல் எல்லாம் உங்கள் பத்திரிகையில் வந்துகொண்டிருக்கிறது, சரி. ஆனால் இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர் ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருந்தால் மாத்திரையை என்ன செய்வது என்று ஒருவரும் எழுதக் காணோம். சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் டிஸ்பென்சரி வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், வருடா வருடம் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அரசாங்க கிளினிக்கில் இனிப்புநீருக்குப் பெரும்பாலும் கிடைப்பது மெட்ஃபார்மின், பலருக்கு அதோடு கிளிக்லஸைடும் சேரும். இரண்டும் சர்க்கரைக்குத்தான், ஆனால் வேலை வேறு. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அபூர்வம். கிளிக்லஸைட் அப்படியில்லை, கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும், நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. அதை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு கோயில் வரிசையில் நின்றால் வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடக்கும், பேச்சு குளறும். பக்கத்தில் இருப்பவர்கள் அருள் வந்துவிட்டது என்று விபூதி பூசுவார்கள். கேலி இல்லை, கண்ணால் பார்த்தது. விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தால் உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள், நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐக் கூப்பிடுங்கள்.

நோன்பு மாதத்துக்கு முன்னால் மலாய்க்கார நோயாளிகள் கிளினிக்கில் பேசி மாத்திரையின் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்கிறார்கள், சிலரிடம் நோன்பு வேண்டாம் என்றே டாக்டர் சொல்லிவிடுகிறார். நம் விரதம் எப்போது என்று டாக்டருக்கு எப்படித் தெரியும்? நாம்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். நம்மவர்கள் செய்வது என்ன, ஒன்று வழக்கம்போல விழுங்குவது, இல்லை என்றால் யாரிடமும் கேட்காமல் மொத்தமாக நிறுத்திவிடுவது.

இந்த நிறுத்தும் பழக்கம் விரதத்தோடு போவதில்லை. பிரஷருக்குப் பெரிண்டோபிரில் சாப்பிடும் சிலருக்கு வறட்டு இருமல் வரும், இருமல் மருந்து குடித்தாலும் போகாது. இன்னொரு பிரஷர் மாத்திரையான அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும், மெட்ஃபார்மின் ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கும். இதனால் மாத்திரையையே நிறுத்திவிடுகிறோம், ஆனால் இதெல்லாம் டாக்டருக்குத் தெரிந்த விஷயம்தான். இருமலுக்கு வேறு வகை மாத்திரை இருக்கிறது, வயிற்றுக் கலக்கம் சாப்பாட்டோடு எடுத்தால் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும், வீக்கத்துக்கு அளவைக் குறைத்துப் பார்க்கலாம். ஆனால் அடுத்த அப்பாயிண்ட்மெண்டில் "மருந்து ஒழுங்காச் சாப்பிடுறீங்களா அண்ணே" என்று மிஸ்ஸி (நர்ஸ்) கேட்டால் தலையை ஆட்டிவிட்டு வருகிறோம். பிரஷர் இறங்கவில்லையே என்று டாக்டர் மாத்திரையைக் கூட்டுகிறார். அப்புறம் ஒருநாள் பயந்துபோய்ப் பையில் இருப்பதை எல்லாம் சேர்த்துச் சாப்பிட்டால் தலை சுற்றாமல் என்ன செய்யும்.

இதற்கு நடுவில் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கிற மூட்டு வலி மருந்து வேறு. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் சந்தேகப்படுங்கள், அப்படிப்பட்ட சரக்கில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது, அது சர்க்கரையையும் பிரஷரையும் ஏற்றிவிடும். பெட்டியில் 'மால்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இல்லாவிட்டால் தொடவே வேண்டாம். பல வாரமாகச் சாப்பிட்டுவிட்டீர்கள் என்றால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, பெட்டியோடு கிளினிக்குக்குப் போங்கள்.

ஆசிரியரிடம் ஒன்று கேட்கிறேன். தைப்பூசத்துக்கு முந்தைய ஞாயிறு பதிப்பில் தமிழ் தெரிந்த மருந்தாளர் ஒருவரிடம் கேட்டு, விரதமும் மாத்திரையும் பற்றி எளிமையாக எழுத வையுங்கள். ராசிபலனுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதி போதும்.

வாசகன்,
சுங்கை சிப்புட், பேராக்