ரதியின் பெட்டிக்கு ஓர் இடம் வேண்டும்

கலாசாரத்துக்குப் பொறுப்பான அமைச்சருக்கும், அதிகாரிகளுக்கும், மலையக மக்களின் வாக்கில் பாராளுமன்றம் போன எல்லோருக்கும்,

வணக்கம்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயம் எரிந்தது உங்களுக்குத் தெரியும். வரிசையாகப் பத்து காம்பரா, ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, எல்லாவற்றுக்கும் ஒரே கூரை, ஒரு மூலையில் பிடித்தால் மறு மூலை வரை போகும் என்பதும் உங்களுக்குப் புதிதில்லை. அரிசி வந்தது, பாய் வந்தது, பிள்ளைகளுக்குக் கொப்பி வந்தது. அதற்கெல்லாம் நன்றி. உயிர் ஒன்றும் போகவில்லை, அதுவே பெரிய விஷயம். ஆனால் ஒரு தகரப் பெட்டி போனது. அதைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன்.

அது என் சித்தப்பாவின் பெட்டி. சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில், மன்மதனின் மனைவி ரதியாக 26 வருஷம் வேஷம் கட்டியவர் அவர். அவருக்கு முன்னால் தாத்தாதான் கூத்துப் பழக்கும் வாத்தியார். சின்ன வயதில் மாசி பிறந்தாலே அந்தப் பெட்டியை எப்போது திறப்பார்கள் என்று சுற்றிச் சுற்றி வருவேன், அதனால் உள்ளே இருந்ததெல்லாம் எனக்கு மனப்பாடம். மூடியைத் தூக்கினதும் முதலில் கற்பூர வாசம் வரும். அப்புறம் ரதியின் சடை, மட்டையில் வெட்டி ஜிகினா ஒட்டிய கிரீடம், இரண்டு ஜோடி சலங்கை, அப்பாயியின் கல்யாணச் சேலை (ரதிக்கு அதைத்தான் கட்டுவோம்), எல்லாவற்றுக்கும் அடியில் தாத்தாவின் கூத்துக் கொப்பி. தோட்டத்தில் எழுதத் தாள் கிடைக்காத காலத்தில், கழித்துப் போட்ட செக்ரோல் (சம்பளப் பதிவேடு) ஒன்றைக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டு வாங்கி எழுதியது அது. ஒரு பக்கத்தில் யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர் என்ற முழுநாள், அரைநாள் சம்பளக் கணக்கு. திருப்பினால் மதனைப் போகவேண்டாம் என்று ரதி தடுக்கும் பாட்டு, தாத்தாவின் சாய்ந்த எழுத்தில்.

சேதம் எழுத வந்த ஐயா கட்டில், அலுமாரி, டீவி, அடையாள அட்டை என்று எல்லாவற்றையும் பொறுமையாக எழுதினார். சித்தப்பா கடைசியில் தயங்கித் தயங்கி, "கூத்துச் சாமான் பெட்டி ஒன்னும் போச்சுங்க" என்றார். "அதுக்கு என்ன பெறுமதி? பில் இருக்கா?" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த காம்பராவுக்குப் போய்விட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவர் கையிலிருந்த படிவத்தில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. மறுநாள் விடியக்காலை சித்தப்பா சாம்பலைக் கிளறி ஒரு கையளவு சலங்கை மணி பொறுக்கி வந்தார். கறுத்துப்போய், உள்ளே இருந்த குண்டுமணி விழுந்து, ஆட்டிப் பார்த்தால் சத்தம் வரவில்லை. அதை ஒரு பால்மா டின்னில் போட்டு வைத்திருக்கிறார்.

நாங்கள் கேட்பது இதுதான்: மலையக மக்களின் கூத்தையும் பாட்டையும் கைவேலையையும் பாதுகாக்க, அரசு தன் பொறுப்பில் ஒரு நூதனசாலை கட்டித் தரவேண்டும்.

கொக்கலையில் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீட்டோடு சேர்ந்து ஒரு நாட்டார் நூதனசாலை இருக்கிறது. மாட்டு வண்டி, மீன்பிடிப் படகு, கோலம் முகமூடி என்று ஒரு கிராமத்தின் வாழ்க்கை முழுக்க அங்கே இருக்கிறது. பாடசாலைச் சுற்றுலாவில் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு எனக்கு ஒரே ஏக்கம். கண்டி ஹந்தானையில் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் தேயிலை நூதனசாலை இருக்கிறது, அங்கே இயந்திரங்களும் ஜேம்ஸ் டெய்லரின் பொருட்களும் உண்டு. அவர் 1867 இல் தேயிலை பயிரிட்டதை எங்கள் பிள்ளைகளும் படிக்கத்தான் வேண்டும். அந்தத் தேயிலையைக் கிள்ளியவர்களின் கதைக்கு, கம்பளைப் பக்கம் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் பழைய லயக் காம்பராக்களில் 2007 இல் ஒரு தொண்டு நிறுவனம் நூதனசாலை அமைத்தது. அவர்களுக்குக் கோடி புண்ணியம். ஆனால் அரசு செய்யவேண்டிய வேலையை அவர்கள் எத்தனை காலம் தனியாகச் சுமப்பார்கள்?

எங்கள் வீடுகளில் இன்னும் சாமான் இருக்கிறது, அதுவும் போவதற்குள் வாருங்கள். மூங்கில் சீவிக் கொழுந்துக் கூடை பின்னத் தெரிந்தவர் எங்கள் டிவிஷனில் ஒருவர்தான் மிச்சம், மற்றவர்கள் எல்லாம் நைலோன் சாக்குக்கு மாறிவிட்டார்கள். மழைக்குத் தலையில் போட்ட கம்பளி, இடுப்பில் கட்டிய படங்கு, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, கொழுந்து மட்டம் பார்க்கும் மட்டக்கம்பு, ஒரு காலத்தில் விடியலில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்கு அடித்த தப்பு மேளம், இவையெல்லாம் அடுப்படிப் பரணில் புகை படிந்து கிடக்கின்றன. தப்பைச் சும்மா கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் போதாது. வைக்கோல் கொளுத்தித் தோலைச் சூடு காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் காட்டு என்று சொல்லும் ஒரு கிழவரும் பக்கத்தில் இருக்கவேண்டும், அவருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்கவேண்டும், பிள்ளைகள் சனி ஞாயிறில் வந்து பழகவேண்டும்.

வீடே இல்லாதவனுக்கு நூதனசாலை எதுக்கு என்று எங்கள் தோட்டத்திலேயே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஏழு பேர்ச் காணிக்கும் நாட்சம்பளத்துக்கும் எத்தனை வருஷமாகக் காத்துக் கிடக்கிறோம்! 1948 இல் குடியுரிமையைப் பறித்தார்கள், 1964 இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து எங்களைத் தலை எண்ணிப் பிரித்தார்கள், அந்த ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவர்களோடு எத்தனை கூத்து வாத்தியார்மார் போனார்கள் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. இந்தியாவிலிருந்து எங்கள் முன்னோர் வந்து 200 வருஷம் ஆனதென்று 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை எங்கள் சனம் நடந்தபோது நீங்களும் வாழ்த்துச் சொன்னீர்கள். வீடும் எங்கள் உரிமை, இதுவும் எங்கள் உரிமை. ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கோபத்தில் ஏதும் கூடுதலாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். கட்டடத்துக்குக் காலம் எடுக்கும், எங்களுக்கும் தெரியும். அதுவரைக்கும் ஒன்றே ஒன்று செய்யுங்கள். மாசி மூன்றாம் பிறைக்குக் கூத்துக்கான கம்பம் ஊன்றுவோம். அதற்கு முன்னால், பாட்டைப் பதிவு செய்யத் தெரிந்த ஒருவரை எங்கள் தோட்டத்துக்கு அனுப்பிவையுங்கள். சித்தப்பாவுக்கு இப்போது 71 வயது, ரதியின் பாட்டு முழுக்க நினைவிருக்கிறது, மதனுடையது பாதி. வீரபத்திரன் பாட்டு கொப்பியில் மட்டும்தான் இருந்தது. மிச்சத்தைப் பாட அவர் தயாராக இருக்கிறார். வருகிறவருக்குச் சாப்பாடும் படுக்க இடமும் நாங்கள் கொடுப்போம்.

பணிவுடன்,
கூத்து வாத்தியாரின் பேத்தி