நாடி பிடிக்கும் பாட்டிக்கு ஓய்வு கொடுங்கள்

தமிழில் காதல் நகைச்சுவைப் படங்களை எழுதி இயக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். நான் மகப்பேறு பிரிவில் செவிலியர். உங்கள் படங்களை ஒன்று விடாமல் பார்ப்பவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

நாயகி தலைசுற்றி விழுவாள். யாரோ ஒரு பாட்டி நாடி பிடித்துப் பார்த்துவிட்டு முகம் மலர்வார். அல்லது முகம் கறுப்பார். மருத்துவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "இப்போது கலைத்தால் தாயின் உயிருக்கே ஆபத்து" என்பார். கதாசிரியரின் தலைவலி அதோடு தீர்ந்தது. நாடியை வைத்துக் கர்ப்பத்தை உறுதிசெய்ய முடியாது என்பது கிடக்கட்டும். என் வருத்தம் அந்த மருத்துவரின் வசனத்தோடுதான். யோசிக்க வேண்டியவளுக்கு அதன் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. அப்பா சீறுகிறார், நாயகன் திருந்துகிறான், நண்பன் சிரிக்கவைக்கிறான். அவள் மட்டும் பல்லவி முழுக்க வயிற்றைத் தடவிக்கொண்டு நிற்கிறாள்.

கருக்கலைப்புக்கு நம் நாட்டில் 1971 முதல் சட்டம் இருக்கிறது. கருத்தடை பயனளிக்காமல் உண்டான கர்ப்பம் என்ற காரணம் முன்பு மணமானவர்களுக்கு மட்டுமே செல்லும். 2021 திருத்தம் கணவர் என்ற இடத்தில் இணையர் என்று மாற்றியது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 18 வயது நிறைந்தவளாக இருந்தால் அவளுடைய சம்மதம் மட்டுமே தேவை. கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. சில பிரிவினருக்கு 24 வாரம் வரை உள்ள வாய்ப்பில் மணமாகாதவர்களை ஒதுக்கக்கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. உங்கள் மருத்துவர்கள்தாம் இன்னும் பழைய பட வசனத்தையே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அவளை முடிவெடுக்க விட்டால் படம் பிரசாரமாகிவிடும் என்று பயப்படாதீர்கள். 2007இல் வந்த அமெரிக்கப் படமான 'நாக்ட் அப்'பில் நாயகனின் நண்பன் கருக்கலைப்பு என்ற சொல்லை வாயால் சொல்லக்கூடத் தயங்கி, எதுகைச் சொல் போட்டுச் சமாளிப்பான். ஆனால் 2014இல் வந்த 'ஆப்வியஸ் சைல்ட்' படத்தின் நாயகி மேடை நகைச்சுவைக் கலைஞர். அவளுக்குக் கருக்கலைப்பு நடப்பது காதலர் தினத்தன்று. கர்ப்பத்துக்குக் காரணமானவன் பூக்களோடு வந்து நிற்பான். அதுவும் காதல் நகைச்சுவைதான். நம் 'வீட்ல விசேஷம்' (2022), இந்தியில் வந்த 'பதாய் ஹோ'வின் மறுஆக்கம். வளர்ந்த பிள்ளைகள் இருக்கும்போது ஊர்வசி முழுகாமல் இருப்பார். அங்கே பிள்ளையைப் பெற்றுக்கொள்வதுதான் துணிச்சல். கலைக்கச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை என்பதற்காக இதையும் சொல்கிறேன். மருமகளுக்காக மாமியார் கே.பி.ஏ.சி. லலிதா வாய் திறக்கும்போது கைதட்டத் தோன்றுகிறதே, அது ஒரு பெண் எடுத்த முடிவுக்குக் கிடைக்கும் கைதட்டல்.

நகைச்சுவைக்குப் பஞ்சம் என்றால் எங்கள் வெளிநோயாளிகள் பிரிவுக்கு வாருங்கள். சோதனைப் பட்டையை ஜன்னலோரம் வைத்துவிட்டுக் காத்திருக்கும்போது, "இரண்டாவது கோடு மங்கலாகத்தான் இருக்கிறது சிஸ்டர், பாதிக் கர்ப்பமா?" என்று கேட்ட கணவர்கள் உண்டு. பக்கத்தில் நிற்பவள் அவரை ஒரு பார்வை பார்ப்பாள் பாருங்கள், எந்த வசனகர்த்தாவாலும் அதை எழுத முடியாது. சிரிப்பு, எரிச்சல், பயம் மூன்றும் அதில் இருக்கும். உங்கள் கேமரா அந்த நேரத்தில் அவர் முகத்தில் அல்லவா இருக்கிறது!

அடுத்த படத்தில் மருத்துவருக்கு ஒரு கேள்வி கூடுதலாக எழுதுங்கள். உடன் வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "நீ என்னம்மா நினைக்கிறாய்?" என்று அவர் அவளிடம் கேட்கட்டும். பதில் எதுவாகவும் இருக்கலாம். உடனே சொல்லத் தெரியாமல் அவள் வீட்டுக்குப் போய், இடைவேளை வரை குழம்பினாலும் சரி.

கதை விவாதத்துக்குச் செவிலியர் ஒருவர் வேண்டுமென்றால் நான் வரத் தயார். இரவுப் பணி இல்லாத வாரமாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் படங்களுக்கு டிக்கெட் எடுத்தே போகும் ஒரு செவிலியர்