ஒன்பது சாக்குக் கரட்டும் ஒரு துண்டும்

அன்புள்ள எல்லோருக்கும்,

பாடசாலை மண்டபத்திலிருந்து எங்கள் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, திரும்பி இன்றோடு ஐந்து நாள். மின்சாரம் முந்தாநாள் இரவுதான் வந்தது. நடந்ததைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. இந்த மலையில் இருப்பவர்களுக்கு அது தெரியும். வெளியில் இருப்பவர்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள். டித்வா என்று அந்தப் புயலுக்குப் பெயர் வைத்தார்கள். அப்பா இன்னும் 'அந்த மழை' என்றுதான் சொல்கிறார். நாங்கள் நால்வரும் உயிரோடு இருக்கிறோம். போனது பாதித் தோட்டம்: லீக்ஸ் முழுவதும், உருளைக்கிழங்குப் பாத்திகள், நாற்றுத் தவறணை, இரண்டு தலைமுறையாக வெட்டி வைத்திருந்த தண்ணீர்க் கான்கள். ஆற்றுப் பக்கத்துச் சரிவு இப்போது ஆற்றிலேயே கிடக்கிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். நடக்க முடியாத அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கிய நான்கு இளைஞர்கள். யாரையும் கேட்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட பாடசாலை அதிபர். பௌத்த பன்சலையிலிருந்து வந்த சோறும் பருப்பும். பள்ளிவாசலிலிருந்து வந்த பார்சல்கள். அம்மாவின் பிரஷர் மாத்திரை தீர்ந்தபோது தன்னுடையதில் பாதியைக் கொடுத்த, பெயர் கூடத் தெரியாத அக்கா. சரிவுகளில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, எந்த லயத்துக்குத் திரும்பலாம், எதற்குக் கூடாது என்று ஒளிக்காமல் சொன்ன தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துப் பிள்ளைகள். 1977 கலவரத்துக்குப் பிறகு இந்த மலையை விட்டுக் கிளிநொச்சிக்குப் போன எங்கள் அத்தை குடும்பம், தங்கள் வயலிலும் வெள்ளம் நிற்கும்போது ஒரு மூட்டை அரிசி அனுப்பியது. அத்தை, அந்த அரிசியில்தான் மண்டபத்தில் எல்லோருக்கும் ஒருநாள் கஞ்சி வைத்தோம். உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதுவேன். ஆனால் இந்த மடலை நான் உட்கார்ந்து எழுதுவது மேல் லயத்துச் சித்தப்பாவுக்காக.

நுவரெலியாவில் எங்கள் கந்தப்பளைப் பக்கம் மரக்கறி செய்கிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. கரட் விதைத்து மூன்று மாதத்தைத் தாண்டினால் மண்ணுக்கு மேலே அதன் தோள் தெரியும். அதன் பிறகு அது காத்திராது. ஈரம் கூடினால் நடுவில் வெடிக்கும், அடியில் அழுகும். செப்டெம்பரில் நாங்கள் எட்டுப் பேர்ச் நிலத்தில் போட்ட கரட் நவம்பர் கடைசியில் தோளைக் காட்டிக்கொண்டு நின்றது. மண் சரியாத மேட்டுப் பக்கத்துத் துண்டு அது ஒன்றுதான். ஒன்பது இரவும் மண்டபத்துச் சீமெந்துத் தரையில் படுத்துக்கொண்டு நான் அந்தக் கரட்டைத்தான் நினைத்தேன். உயிர் தப்பி வந்தவள் கரட்டை நினைக்கலாமா என்று வெட்கமாகவும் இருந்தது. தங்கத்தை நிறுப்பது போல் நிறுத்து வாங்கிய விதை, முழுக்கக் கடன்.

திரும்பி வந்த அன்று முதலில் அங்கேதான் போனேன். பாத்தியில் ஒரு கரட்டும் இல்லை. களவு போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பிறகுதான் மண்ணைப் பார்த்தேன். கள்ளன் தழையைப் பாத்தியிலேயே கொத்திப் புதைத்து, மண்ணை மட்டமாக இழுத்துவிட்டு, ஓரக் கானையும் துப்புரவாக்கிவிட்டுப் போகமாட்டான். மூலையில் காட்டுச் சூரியகாந்தித் தழையால் மூடிய ஒரு குவியல் இருந்தது. வெடித்தது, கவடு விட்டது, விரல் மொத்தமே இருந்தது, எல்லாம் அதில். சந்தைக்கு ஆகாதது, வீட்டுக்கு ஆகும்.

அன்று பின்னேரம் சித்தப்பா எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. ஆறு வருடமாக அவர் எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. கதவு நிலையில் ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டு, "பிள்ளை, எண்ணிப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

பிஸ்கட் பெட்டியிலிருந்து கிழித்த அட்டை ஒன்று நான்காக மடித்து இருந்தது. உட்புறத்தில் நீலப் பேனாவால் எழுதியிருந்தார். எண்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக, பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி. மொத்தம் 412 கிலோ. அதன் கீழே கழிவுகள்: தரகு, லொறிக் கூலி, சரிந்த இடத்தைத் தாண்டி லொறிவரை தோளில் சுமந்த இரண்டு பேருக்குக் கூலி, அவர்களுக்குப் பிளேன் டீ 4. கடைசி வரி: சாக்கு 9, ஒன்று 70, ஆகமொத்தம் 630. இதெல்லாம் போக மிச்சக் காசு, தாள் தாளாக அடுக்கி றப்பர் வளையம் போட்டு, அதோடு இரண்டு பத்து ரூபாய் நாணயக் குற்றிகள். தான் பிடுங்கியதற்கு, கழுவியதற்கு, தரம் பிரித்ததற்கு ஒரு சதமும் அந்தக் கணக்குத் துண்டில் இல்லை.

பெரும்பாலான வீதிகள் மூடிக் கிடந்த, ரயில் ஓடாத, தன் கோவாவையே (முட்டைக்கோஸை) அனுப்ப வழி தெரியாத நாட்கள் அவை. தன் மூட்டைகளோடு எங்கள் மூட்டைகளையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். கரட்டைக் கழுவுவது என்றால் என்ன என்று செய்தவர்களுக்குத் தெரியும். மார்கழி மாதத்து மலைத் தண்ணீரில் கால் மணி நேரம் நின்றால் விரல்கள் நம்முடையவையாக இருக்காது.

இப்போது அந்த ஆறு வருடக் கதை. லயத்தில் எல்லோருக்கும் பாதி தெரியும். மீதியை நான் சொல்கிறேன்.

தையிலும் மாசியிலும் இங்கே இரவில் பனி உறையும். விடியமுன் எழுந்து, உருளைக்கிழங்குச் செடியில் படிந்த பனியைத் தண்ணீர் தெளித்துக் கழுவ வேண்டும். விட்டால், வெயில் ஏறும்போது இலை வெந்த கீரை மாதிரிக் கறுத்துவிடும். எங்களுக்கும் சித்தப்பாவுக்கும் ஊற்று ஒன்று, கறுப்புக் குழாய் இரண்டு. அந்த வருடம் ஊற்று மெலிந்து விட்டது. ஒரு விடிகாலை அவருடைய குழாய் ஊற்றிலிருந்து கழன்று கிடந்தது. அன்றைக்கு அவருடைய கிழங்கு முழுவதும் கருகியது. தானாகக் கழன்றிருக்கும் என்று நாங்கள் சொன்னோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. அதுவரை அவரும் அப்பாவும் ஒரே முள் மண்வெட்டியால் மண் கொத்தி, ஒரே லொறியில் சாக்கு ஏற்றியவர்கள்.

அது தானாகக் கழலவில்லை. அப்பா கழற்றினார். நான் பக்கத்தில் டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இதை எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். "எழுது. அவனுக்கு அது அன்றைக்கே தெரியும்" என்றார்.

கணக்குத் துண்டை முதலில் அப்பாவிடம்தான் வாசித்துக் காட்டினேன். 412 கிலோவில் தலையாட்டினார். பிளேன் டீயில் சிரிப்பு வரப் பார்த்தது. சாக்குக் கணக்கு வந்ததும் கையை நீட்டி அட்டையை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "சாக்குக்கும் காசு பிடித்திருக்கிறானே! கடையில் அறுபதுக்கு இருக்கிறது" என்றார். பிறகு அட்டையைத் திருப்பித் தரவில்லை. அன்றிலிருந்து அது அவருடைய தலையணைக்குக் கீழே இருக்கிறது.

நான் யோசித்துப் பார்த்தேன். அவர் சாக்குக் காசைப் பிடிக்காமல் விட்டிருந்தால் அது தானமாகியிருக்கும், எங்களுக்கும் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் போயிருக்கும். கணக்கை வைத்துத்தான் எங்களை நிமிர வைத்தார். மண்டபத்தில் நிவாரணப் பொதிக்கு வரிசையில் நின்றபோது, கொடுத்தவர்கள் எல்லோரும் அன்பாகத்தான் கொடுத்தார்கள், ஆனாலும் என் தலை குனிந்தே இருந்தது. படிவத்தில் காணி உறுதிப் பத்திர இலக்கம் கேட்ட இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தவள் நான். தாத்தா திருத்திய காணிக்கு எங்கள் பெயரில் உறுதி இல்லை. எங்கள் பெயரில் இருந்த ஒரே தாள் அந்த பிஸ்கட் அட்டைதான். அதன் தலைப்பில் அப்பாவின் பெயரை முழுதாக எழுதியிருந்தார்.

இனிச் செய்ய வேண்டியது. 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியபோதும் கோவா கையளவில் நின்றது. அதற்கு அடுத்த போகமும் விதைத்தோம். இப்போதும் விதைப்போம். லீக்ஸுக்கு நேரம் போதாது. தவறணையில் இரண்டு மாதம், பாத்தியில் மூன்று நான்கு மாதம், அது நீண்ட வழி. தை பிறந்ததும் கரட் போட்டால் சித்திரைக்குப் பிடுங்கலாம். நுவரெலியா சீசனுக்கு ஆட்கள் வரும் நேரம். சித்தப்பா மட்டமாக இழுத்துவிட்ட அந்த எட்டுப் பேர்ச்சில்தான் முதல் விதை விழும். புதைத்த தழை அதற்குள் மக்கிவிடும்.

அதோடு மாசி வரும். பனி வரும், ஊற்றும் மெலியும். நேற்று டவுனுக்குப் போனபோது குழாய்க்கு ஒரு 'T' மூட்டும் இரண்டு வால்வும் வாங்கி வந்தேன். ஊற்றிலிருந்து ஒரே குழாய், அதிலிருந்து இரண்டு கிளை. விடிகாலையில் முதல் தண்ணீர் மேல் லயத்துப் பாத்திக்கு. பொருத்தும்போது டோர்ச் பிடிக்க நான் வருகிறேன், சித்தப்பா.

அவற்றை வாங்கிய கடைத் துண்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பாதிக் காசு நீங்கள் தர வேண்டும். எண்ணிப் பார்த்துத்தான் வாங்குவேன்.

அன்புடன்,
கீழ் லயத்துப் பிள்ளை