கொம்பைலர் கட்டப்போகும் பிள்ளைகளுக்கு முன்வேலையையும் சொல்லிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் கணினி படிக்கும் மாணவரிடையே கைமாறும் செயன்முறைக் குறிப்புகளைப் பற்றியே இக்கடிதம். நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் ஜி.சி.சி. கொம்பைலரை மூலநிரலிலிருந்து கட்டும் பாடம் பெரும்பாலும் ‘கொன்பிகர், மேக், மேக் இன்ஸ்டோல்’ (சோதித்து ஆயத்தப்படுத்து, கட்டு, நிறுவு) என்ற மூன்று கட்டளையோடு முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் சறுக்குவதோ அந்த மூன்றுக்கும் முதலே. உலை கொதித்த பிறகு அரிசி தேடி ஓடுவதுபோல, இரண்டு மணித்தியாலம் ஓடிய கட்டுமானம் நின்ற பிறகுதான் எந்தப் பொதி (நிறுவுவதற்கு ஆயத்தமாக வரும் மென்பொருள்) இல்லை என்று தேடத் தொடங்குகிறார்கள்.

பத்திரிகைக்காகக் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டவேண்டும், ஜி.சி.சி.க்கான கட்டளைகள் எல்லாம் சிறிய எழுத்தில். லினக்ஸ் இயங்குதளத்துக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றல்ல.

முதலில் ஒன்று: சி, சி++ எழுதிப் பழகுவதற்கு மட்டும் என்றால் இதில் மினக்கெடவே தேவையில்லை. லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவில் ‘பில்ட்-எசென்ஷியல்’ என்ற பொதியை நிறுவினால் ஜி.சி.சி., ஜி++, மேக், சி நூலகத்தின் தலைப்புக் கோப்புகள் (நூலகத்தில் என்னென்ன உண்டு என்று கொம்பைலருக்குச் சொல்பவை) எல்லாம் சேர்ந்து வந்துவிடும். மூலத்திலிருந்து கட்டவேண்டியவர்கள் புதிய பதிப்பைச் சோதிப்பவர்கள், வேறு வகைச் சிப்புக்கு நிரல் ஆக்குபவர்கள், கொம்பைலரின் உள்வேலையையே படிப்பவர்கள். அவர்களுக்கும் இதே பொதி முதலில் வேண்டும், ஏனென்றால் ஒரு கொம்பைலரைக் கட்ட இன்னொரு கொம்பைலர் தேவை. 4.8ஆம் பதிப்பிலிருந்து ஜி.சி.சி.யைக் கட்ட சி++ கொம்பைலர் கட்டாயம். 11ஆம் பதிப்புக்கு அது சி++11 அறிந்ததாக இருக்கவேண்டும், 15ஆம் பதிப்புக்கு சி++14. பழைய இயங்குதளத்தில் புத்தம்புதிய ஜி.சி.சி.யை நேரே கட்ட முயல்பவர் இந்த இடத்திலேயே மாட்டிக்கொள்வார். இடையில் உள்ள ஒரு பதிப்பை முதலில் கட்டி, அதைக்கொண்டு புதியதைக் கட்டுவதுதான் வழி.

அடுத்தது ஜி.எம்.பி., எம்.பி.எஃப்.ஆர்., எம்.பி.சி. என்ற மூன்று நூலகங்கள், அதாவது மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரற்தொகுதிகள். இவை எதற்கு என்று குறிப்புகள் சொல்வதில்லை. நாம் எழுதும் நிரலில் 0.5இன் சைன் பெறுமதி போன்ற மாறாத கணக்கு வந்தால், ஜி.சி.சி. அதை நிரல் ஓடும்வரை விட்டுவைக்காமல் தொகுக்கும்போதே கணித்து விடையை வைத்துவிடும். எந்தக் கணினியில் தொகுத்தாலும் கடைசி இலக்கம்வரை ஒரே விடை வரவேண்டுமே. அந்தத் துல்லியத்தைக் கொடுப்பவை இவைதான்: முழு எண்ணுக்கு ஜி.எம்.பி., தசம எண்ணுக்கு எம்.பி.எஃப்.ஆர்., சிக்கலெண்ணுக்கு எம்.பி.சி. 2008இல் வந்த 4.3ஆம் பதிப்பிலிருந்து முதல் இரண்டும் கட்டாயம். 2010இல் வந்த 4.5ஆம் பதிப்பிலிருந்து மூன்றாவதும் கட்டாயமானது. நாலாவதாகச் சொல்லப்படும் ஐ.எஸ்.எல். விருப்பத்துக்குரியது. நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் சுற்றுகளை மேம்படுத்தும் ஒரு பகுதிக்கு மட்டும் அது பயன்படும், இல்லாவிட்டாலும் கட்டலாம்.

கொன்பிகர் நின்று, ‘ஜி.எம்.பி. 4.2+, எம்.பி.எஃப்.ஆர். 3.1.0+, எம்.பி.சி. 0.8.0+ தேவை’ என்று கத்தும் கட்டம் எல்லோருக்கும் வரும். பிள்ளை தேடிப் பார்த்தால் ஜி.எம்.பி. கணினியில் ஏற்கனவே இருக்கும். குழப்பம் இதில்தான். இருப்பது ஓடுவதற்கான கோப்பு, கட்டுவதற்கு வேண்டியது தலைப்புக் கோப்பு. உபுண்டுவிலும் டெபியனிலும் அது பெயரின் முடிவில் ‘-டெவ்’ உள்ள தனிப் பொதியாக வரும்: லிப்ஜிஎம்பி-டெவ், லிப்எம்பிஎஃப்ஆர்-டெவ், லிப்எம்பிசி-டெவ். ஃபெடோராவில் அதே ஒட்டு ‘-டெவல்’. இந்த மூன்றையும் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இணைய வசதி குறைந்த வீட்டில் கட்டுகிறவர்களுக்கு இன்னொரு வழி வசதியானது. ஜி.சி.சி.யின் மூலநிரல் உள்ள அடைவுக்குள் (போல்டருக்குள்) ‘கொன்ட்ரிப்’ என்ற அடைவில் ‘டவுன்லோட்_ப்ரீரெக்விசிட்ஸ்’ என்ற சிறு நிரல் உண்டு. மூல அடைவின் தலையில் நின்று அதை ஓட்டினால், அந்தப் பதிப்புக்கு ஒத்துப்போகும் நூலகங்களை இறக்கி, கோப்பு பழுதில்லை என்று காட்டும் எஸ்.எச்.ஏ.512 சரிபார்ப்புக் கூட்டை ஒப்பிட்டு, விரித்துவைக்கும். பிறகு அவை ஜி.சி.சி.யோடு சேர்ந்தே கட்டப்படும். 13ஆம் பதிப்புக்கு அவை ஜி.எம்.பி. 6.2.1, எம்.பி.எஃப்.ஆர். 4.1.0, எம்.பி.சி. 1.2.1, ஐ.எஸ்.எல். 0.24. நாலும் சேர்ந்து 10 மெகாபைட்டுக்குள். ஜி.சி.சி. மூலக் கட்டு (எல்லாவற்றையும் சுருக்கிவைத்த ஒற்றைக் கோப்பு) தனியே 80 மெகாபைட்டுக்கு மேல். ஐந்து கோப்பையும் இணையம் உள்ள இடத்தில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்து, நாலு நூலகக் கட்டுகளையும் மூல அடைவின் தலையில் வைத்துவிட்டு அதே நிரலை ஓட்டலாம். கோப்பு ஏற்கனவே இருந்தால் அது திரும்ப இறக்காது, சரிபார்த்து விரிப்பதோடு சரி.

இப்படிச் செய்தவர்களும் பிறகு ‘எம்4 இல்லை’ என்ற பிழையில் விழுகிறார்கள். ஜி.எம்.பி.யைக் கட்ட எம்4 என்ற சிறு கருவி வேண்டும், பில்ட்-எசென்ஷியல் அதைக் கொண்டுவராது. பிளெக்ஸ், பைசன் இரண்டில் ஒன்றை நிறுவினால் கூடவே எம்4உம் வந்துவிடும். கட்டுகளை விரிக்க பிசிப்2, எக்ஸ்செட் இரண்டும் வேண்டும், இறக்குவதற்கு டபிள்யூகெட் அல்லது கர்ல். நூலகங்களைக் கையால் தனித்தனியே கட்ட விரும்புபவர் ஜி.எம்.பி., எம்.பி.எஃப்.ஆர்., எம்.பி.சி. என்ற ஒழுங்கை மாற்றக்கூடாது, ஒவ்வொன்றும் முந்தியதில் தங்கியிருக்கிறது. அவற்றை வழமையில்லாத அடைவில் நிறுவினால், கட்டுமானம் நன்றாக ஓடி நடுவில் ‘லிப்எம்பிசி.எஸ்ஓ.3 ஐத் திறக்கமுடியவில்லை’ என்று நிற்கும். ஓட்டநேரத்தில் நூலகத்தை எங்கே தேடுவது என்று கணினிக்குத் தெரியாததே காரணம். என்னைக் கேட்டால், கையால் கட்டும் வழியை மாணவருக்குச் சொல்லவே கூடாது.

பென்டிரைவ் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் கட்டுகளை மட்டும் கொண்டுபோங்கள், விரித்த அடைவைக் கொண்டுபோகாதீர்கள். பென்டிரைவுகளில் வழக்கமான ஃபாட்32 அமைப்புக்குக் குறியிணைப்பும் (வேறிடத்தில் உள்ள கோப்பைச் சுட்டும் பெயர்) தெரியாது, ஓட்டும் அனுமதியும் தெரியாது. மேலே சொன்ன நிரல் குறியிணைப்பு போட்டுத்தான் நூலகங்களைக் காட்டுகிறது. விண்டோஸில் விரித்துப் பிரதி எடுத்தாலும், சாதாரணப் பிரதிக் கட்டளையால் நகர்த்தினாலும் கோப்புகளின் நேரமுத்திரை (கடைசியாக மாறிய நேரம்) குழம்பும். மேக் வேலைசெய்வதே நேரமுத்திரையைப் பார்த்துத்தான். மூலக்கோப்பு புதியது, அதிலிருந்து பிறந்த கோப்பு பழையது என்று கண்டால் அது திரும்ப ஆக்கப் பார்த்து, ஆட்டோமேக் இல்லை, மேக்இன்ஃபோ இல்லை என்று தேவையில்லாத பொதிகளைக் கேட்கும். பிள்ளையும் ஒவ்வொன்றாக நிறுவிக்கொண்டே போகும். மருந்து வேறு: கொன்ட்ரிப் அடைவில் உள்ள ‘ஜிசிசி_அப்டேட்’ நிரலை ‘--டச்’ என்ற தெரிவோடு ஒருமுறை ஓட்டினால் முத்திரைகள் ஒழுங்காகும். கட்டைத் திரும்ப லினக்ஸிலேயே விரிப்பது அதைவிடச் சுலபம்.

நேரமுத்திரை என்றதும் இன்னொன்று. விண்டோஸும் உபுண்டுவும் ஒன்றாக உள்ள கணினியில், விண்டோஸ் வன்பொருட் கடிகாரத்தில் இலங்கை நேரத்தை எழுதிவைக்கும், உபுண்டு அதை உலகப் பொது நேரம் என்று வாசிக்கும். விளைவு, உபுண்டுவின் நேரம் 5.30 மணித்தியாலம் முன்னே நிற்கும். இணையம் இல்லாமல் கொன்பிகர் செய்துவிட்டு இடையில் இணையத்தை இணைத்தால் நேரம் திடீரெனப் பின்னே வரும். செய்துவைத்த கோப்புகள் எல்லாம் எதிர்காலத்தில் பிறந்தவை ஆகிவிடும். ‘குளொக் ஸ்க்யூ’ என்று மேக் எச்சரிப்பது இதைத்தான், அலட்சியம் செய்தால் அரைகுறைக் கட்டுமானமே மிஞ்சும். உபுண்டுவில் ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ என்று ஒருமுறை கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும். பழைய கணினியில் மதர்போர்டின் சிஆர்2032 பற்றரி செத்திருந்தால் நேரம் ஆண்டுக்கணக்கில் பின்னே போய், பொதிகளை இறக்கவே விடாது. புதிது போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கொன்பிகர் கொடுக்கும்போது மூல அடைவுக்குள் நிற்காதீர்கள். பக்கத்தில் ஒரு வெற்று அடைவு திறந்து அதிலிருந்து ஓட்டுங்கள். பிழை வந்து எதையாவது புதிதாக நிறுவினால் அந்த அடைவை அப்படியே அழித்துவிட்டுத் தொடங்கலாம், பழைய முடிவுகள் ஒட்டிக்கொண்டிருக்காது. அடைவின் பெயரில் இடைவெளி இருக்கக்கூடாது. 64 பிட் கணினியில் 32 பிட் நூலகம் இல்லை என்று நின்றால் ‘--டிசேபிள்-மல்டிலிப்’ போதும். மொழிகளை சி, சி++ என்று மட்டுப்படுத்துங்கள். ஏடா மொழி வேண்டும் என்றால் ஏற்கனவே ஓர் ஏடா கொம்பைலர் இருக்கவேண்டும், டி மொழிக்கும் 12ஆம் பதிப்பிலிருந்து அதே கதை. நிறுவும் இடம் வீட்டு அடைவுக்குள் இருக்கட்டும். இயங்குதளத்தின் சொந்தக் கொம்பைலருக்கு மேல் எழுதிவிடாதீர்கள்.

ஜி.சி.சி. தன்னைத்தானே மூன்று தடவை கட்டும். இரண்டாம், மூன்றாம் தடவைகளின் விளைவை ஒப்பிட்டு ஒன்றாக இருந்தால்தான் விடும். ஆகவே நேரம் எடுக்கும், வன்தட்டில் 10 ஜிகாபைட்டாவது காலியாக வைத்திருங்கள். 4 ஜிகாபைட் நினைவகக் கணினியில் மேக்குக்கு ‘-ஜே2’க்கு (ஒரே நேரத்தில் இரண்டு வேலை) மேல் கொடுத்தால், ‘கில்ட்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்கும். அது நிரற்பிழை அல்ல, நினைவகம் தீர்ந்துவிட்டது. நடுவில் மின்சாரம் போனால் திரும்ப மேக் கொடுத்தாலே விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் அந்த நொடியில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த ‘.ஓ’ கோப்பு 0 பைட்டாகக் கிடக்கக்கூடும். அப்படியானவற்றைத் தேடி அழித்துவிட்டுத் தொடருங்கள்.

எல்.எல்.வி.எம். என்ற இன்னொரு கொம்பைலர்த் தொகுதியைக் கட்டுபவருக்குக் கதை வேறு: சீமேக், நின்ஜா, பைதன் 3 வேண்டும், மேற்சொன்ன மூன்று நூலகங்களும் வேண்டாம். ‘பில்ட் டைப்’ஐ ‘ரிலீஸ்’ என்று கொடுக்க மறக்காதீர்கள். ‘டீபக்’ என்றால் 15 முதல் 20 ஜிகாபைட் வரை விழுங்கும். ஒரே நேரத்தில் ஓடும் இணைப்பு (லிங்க்) வேலைகளை ஒன்றாகக் குறைக்காவிட்டால் சிறிய கணினி மூச்சுத் திணறும்.

கணினி ஆய்வுகூடம் நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். மேலே சொன்ன ஐந்து கட்டுகளையும் ஒரு கணினியில் வைத்து மாணவர் பிரதி எடுக்க விடுங்கள். ‘-டெவ்’ பொதிகளையும் எம்4ஐயும் உபுண்டுவின் பொதி நிறுவியான ஆப்ட்டுக்கு ‘--டவுன்லோட்-ஒன்லி’ தெரிவு கொடுத்து இறக்கிச் சேர்த்துவைக்கலாம். அதைச் செய்வது புதிதாக உபுண்டு நிறுவிய கணினியாக இருக்கட்டும். ஏற்கனவே நிறுவப்பட்ட பொதியை ஆப்ட் இறக்காமல் விட்டுவிடும், பிள்ளை வீட்டுக்குப் போய்த்தான் குறையைக் காணும். ஆய்வுகூடத்திலும் வீட்டிலும் உபுண்டுவின் பதிப்பு ஒன்றாக இருக்கவேண்டும் என்பதையும் குறிப்பின் முதல் வரியிலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பாட ஆசிரியர் ஒருவர்,
கொக்குவில்.