அரசு வேலையை அரசு மெயிலில் பாருங்கள், தயவுசெய்து

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர்களுக்கும் துறைச் செயலாளர்களுக்கும், வணக்கம்.

உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப் போவதில்லை. உங்களுக்குக் கீழே இருக்கும் அலுவலகங்களின் சுவரிலேயே ஒட்டியிருக்கிறதே, 'விண்ணப்பங்களை இந்த முகவரிக்கு அனுப்பவும்' என்று ஒரு ஜிமெயில் முகவரி. சில இடங்களில் அந்த மரியாதைகூட இல்லை, பிரிவில் இருப்பவர் துண்டுச் சீட்டில் தன் சொந்த முகவரியை எழுதித் தருகிறார். எனக்குக் கிடைத்த சீட்டில் அவருடைய குழந்தையின் செல்லப் பெயரும் சேர்ந்திருந்தது. அழகான பெயர்தான். ஆனால் அந்த முகவரிக்குத்தான் நான் என் அக்காவின் வாழ்க்கை முழுவதையும் ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டியிருந்தது.

அக்காவுக்கு மனச்சிதைவு நோய். பதினோரு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறாள், பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறாள். தெருவில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்ள அம்மா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாத்திரை அட்டையைக்கூட அப்படியே குப்பையில் போடமாட்டார், துண்டு துண்டாக வெட்டித்தான் போடுவார். மருத்துவமனைக்கு அக்கம்பக்கத்து ஊர் வேண்டாம் என்று நான்கு மணி நேரம் பஸ்ஸில் போய் வருவோம், கேட்டால் சித்தி வீடு.

உதவித்தொகைக்காக மாற்றுத்திறனாளி சான்றிதழ், ஆதார், பாஸ்புக், டாக்டர் எழுதிய பழைய குறிப்பு எல்லாம் கேட்டார்கள். "ஆபீஸ் மெயில் ஓபன் ஆகறதில்ல சார், இதுல போட்டுடுங்க" என்றார் அவர். போட்டேன். இரண்டு வாரம் கழித்து நேரில் போனால், பிரிண்டரில் டோனர் இல்லை, எதிரே ஜெராக்ஸ் கடைக்குப் போய் நீங்களே பிரிண்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள், என் மெயில் அங்கே எப்போதும் திறந்துதான் இருக்கும் என்றார். உண்மையாகவே திறந்துதான் இருந்தது. கடைப் பையன் மவுஸை உருட்டி உருட்டி என் மெயிலைத் தேடினான், பக்கத்தில் நின்ற நானும் பார்க்க வேண்டியதாயிற்று. யாரோ ஒருவரின் விவாகரத்துத் தீர்ப்பு, யாரோ ஒரு பெண் பக்கத்து வீட்டுக்காரர்மேல் கொடுத்த புகார், வரிசையாக ஆதார் அட்டைகள். நான் பார்த்தது போல என்னுடையதை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்தப் பையன் எங்கள் ஏரியாதான். ஒரு வாரம் கழித்து மார்க்கெட்டில் அம்மாவைப் பார்த்து, "அக்காவுக்கு இப்போ பரவாயில்லையாம்மா, மாத்திரை ஒத்துக்குதா?" என்று கேட்டிருக்கிறான். கிண்டலாக இல்லை, அக்கறையாகத்தான் கேட்டிருக்கிறான், அதை நான் அழுத்திச் சொல்கிறேன். அம்மா காய் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது அந்த மார்க்கெட்டுக்கே போவதில்லை.

2017 மனநல பராமரிப்புச் சட்டத்தின் 23, 24ஆம் பிரிவுகளை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். மனநோய் உள்ளவரின் விவரம் இரகசியமாகக் காக்கப்படுவது அவருடைய உரிமை, கணினியில் சேமித்த தகவலுக்கும் அது பொருந்தும் என்று பச்சையாக எழுதியிருக்கிறது. டாக்டர் அதைக் காப்பாற்றினார். மருந்துக்கடைக்காரர் காப்பாற்றினார். பதினோரு வருடம் காப்பாற்றியதை ஒரு டோனர் தீர்ந்துபோன பிரிண்டர் கவிழ்த்துவிட்டது.

அந்த ஊழியர்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. விசாரித்தபோது சொன்னார், அவருடைய பிரிவுக்கு அரசு மெயில் முகவரி ஒன்று இருக்கிறதாம். பாஸ்வேர்டு முன்பிருந்த கம்ப்யூட்டர் ஆபரேட்டருக்கு மட்டும்தான் தெரியுமாம், அவர் ஒப்பந்தம் முடிந்து போய்விட்டாராம். புதிதாகக் கேட்டு மேலே எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லையாம். அவர் என்ன செய்வார், வேலை ஓட வேண்டுமே. என் கோபம் அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த மேஜையின்மேல்தான், அது உங்களில் யாருடைய மேஜையாகவோ இருக்கலாம்.

ஏனென்றால் விதி இல்லாமல் இல்லை. மத்திய அரசு 2015 பிப்ரவரியிலேயே மின்னஞ்சல் கொள்கையை அரசிதழில் வெளியிட்டுவிட்டது. அது டெல்லிக்குத்தானே என்பீர்கள். மத்திய அரசின் மெயில் சேவையைப் பயன்படுத்தும் மாநில ஊழியர்களுக்கும் பொருந்தும் என்று அதிலேயே இருக்கிறது. 2022 ஜூனில் மறுபடியும் ஒரு பட்டியல் வந்தது: அலுவல் வேலைக்கு வெளி மெயில் கூடாது, அரசுக் கோப்பை கூகுள் டிரைவிலோ டிராப்பாக்ஸிலோ ஏற்றக் கூடாது, கேம்ஸ்கேனர் மாதிரி செயலிகளில் ஸ்கேன் செய்யக் கூடாது. அந்தச் செயலி 2020லேயே நாட்டில் தடை செய்யப்பட்டது, இரண்டு வருடம் கழித்து அரசு ஊழியர்களுக்கு அதைத் தனியாக எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் முன்பே, அதிகாரிகள் ஜிமெயிலில் அரசு வேலை பார்ப்பதை எதிர்த்து பாஜகவின் முன்னாள் பொதுச் செயலாளர் கோவிந்தாச்சார்யா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பொது ஆவணங்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக 1993 பொது ஆவணச் சட்டம் கட்டுப்பாடு போட்டிருக்க, வெளிநாட்டு சர்வரில் அரசுக் கடிதங்களுக்கு என்ன வேலை என்பது அந்த வழக்கில் எழுந்த கேள்வி. என் அக்காவின் சான்றிதழ் எந்த நாட்டில் இருக்கிறதோ, எனக்கு அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைதான் கவலை.

நமக்கு மட்டும்தான் இந்த வியாதி என்றும் சொல்லவில்லை. அமெரிக்க உளவுத் துறையான சிஐஏவின் தலைவராக இருந்த ஜான் பிரென்னனின் சொந்த ஏஓஎல் மெயிலை 2015இல் ஒரு விடலைப் பையன் திறந்துவிட்டான். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. போன் கம்பெனிக்கு அந்தக் கம்பெனி ஊழியர் மாதிரியே பேசி விவரங்களை வாங்கி, அதை வைத்துப் பாஸ்வேர்டை மாற்றினான். உள்ளே அவர் பாதுகாப்பு அனுமதிக்காக நிரப்பிய படிவம் கிடந்தது. உலகத்தையே வேவு பார்க்கிறவரின் சொந்த மெயிலுக்கே அந்தக் கதி, உங்கள் ஊழியரின் குழந்தை பெயரில் இருக்கும் மெயிலுக்குப் பாஸ்வேர்டு என்னவாக இருக்கும் என்று நான் ஊகிக்க விரும்பவில்லை.

இதில் இன்னொரு கூத்து. அந்த ஊழியர் மாறுதலாகிப் போய்விட்டார். அவருடன் அவருடைய ஜிமெயிலும் போய்விட்டது, அதற்குள் எங்கள் விண்ணப்பமும். புதிதாக வந்தவர், "அது அவரோட மெயில் சார், எங்களுக்கு எதுவும் வரல, மறுபடியும் எனக்கு அனுப்பிடுங்க" என்று இன்னொரு துண்டுச் சீட்டை நீட்டினார். இன்னொரு ஜிமெயில். நாளை தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 'கோப்பு இல்லை' என்று பதில் வரும், அதுவும் உண்மையான பதிலாகவே இருக்கும்.

ரேஷன் கடையில் ஒரு கிலோ பருப்பு வாங்க அம்மா விரல்ரேகை வைக்கிறார். ரேகை தேய்ந்துபோன விரல், மூன்று முறை துடைத்துத் துடைத்து வைக்க வேண்டும். சிலிண்டர் வந்தால் ஓடிபி. நாங்கள் நாங்கள்தான் என்று நிரூபிக்க இவ்வளவு, எங்கள் விவரங்களைத் திறந்து பார்க்க ஒரு ஸ்டூலும் ஒரு மவுஸும் போதும். 2023 தனிநபர் தரவுச் சட்டம் பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. கம்பெனிக்காரர்களைப் பயமுறுத்த நல்ல தொகை. மத்திய அரசு 12 லட்சம் ஊழியர்களின் மெயிலை ஜோஹோவுக்கு மாற்றியபோது நம் ஊர்க் கம்பெனி என்று எல்லோரும் கைதட்டினோம், நானும்தான். பெட்டி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அதைத் திறக்க ஊழியரிடம் பாஸ்வேர்டு இல்லையென்றால் கைதட்டி என்ன பயன்?

சரி, எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும். கேட்க வந்தது ஒன்றுதான்: அரசு வேலையை அரசு மெயிலில் பார்க்கச் சொல்லுங்கள். சொன்னால் மட்டும் போதாது, ஒவ்வொரு பிரிவுக்கும் முகவரி கொடுங்கள், ஆள் பெயரில் இல்லாமல் பொறுப்பின் பெயரில் கொடுங்கள், ஆள் மாறும்போது சாவிக்கொத்தை ஒப்படைப்பது மாதிரி அதையும் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். டோனருக்கும் காசு ஒதுக்குங்கள், சிரிக்காதீர்கள், அதுதான் இதில் முக்கியமான செலவு. அரசு மெயில் திறக்காத அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் காகிதமாகவே வாங்கிக்கொள்ளட்டும், நாங்கள் வரிசையில் நிற்கிறோம், எங்களுக்குப் பழக்கம்தான்.

இரண்டாவது ஜிமெயிலுக்கு நான் இன்னும் எதையும் அனுப்பவில்லை. அதனால் உதவித்தொகை விண்ணப்பம் அப்படியே நிற்கிறது. அரசு முகவரி ஒன்று கொடுத்தால் அன்றைக்கே அனுப்பிவிடுவேன்.

அதுவரைக்கும் ஒரு சின்ன உதவி. போன வாரம் வேறு வேலையாக அந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மாறுதலாகிப் போனவரின் மெயில் இன்னும் அந்தத் திரையில் திறந்தபடியே இருக்கிறது. உங்கள் அலுவலகத்திலிருந்து யாரையாவது அனுப்பி அதை லாக் அவுட் செய்யச் சொல்லுங்கள். ராத்திரி ஒன்பது மணி வரை கடை இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு தம்பி