‘நிரூபிக்கப்பட்டது’ என்றால் எத்தனை கிலோ?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்யாண மாதங்கள் நெருங்கும்போதெல்லாம் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் உடல் எடையைக் குறைக்கும் மாத்திரைகள், பொடிகளின் விளம்பரங்கள் பெருகிவிடுகின்றன. ‘கொழுப்பை எரிக்கும்’, ‘பத்தியம் வேண்டாம்’, ‘அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது’ என்ற மூன்றில் ஒன்றாவது இல்லாத விளம்பரத்தை நான் பார்த்ததில்லை. காரைக்குடியில் நெடுங்காலம் மருந்துக்கடை நடத்தியவன் என்ற முறையில் அந்த மூன்றாவது வாசகத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். நிரூபிக்கப்பட்டது என்று சொல்பவர் யாரிடம், எத்தனை பேரிடம், எத்தனை வாரத்தில், எத்தனை கிலோ என்பதற்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர். புட்டிகளில் அடிக்கடி காணப்படும் சரக்குகளுக்கு அந்த விடைகள் வெளிவந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. விளம்பரங்களில்தான் அவை இடம்பெறுவதில்லை.

முதலில் கார்சீனியா கம்போஜியா. கேரளத்து மீன் குழம்பில் போடும் குடம்புளிதான் இது. இதன் தோலில் உள்ள ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம், மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றும் வேலையில் பங்கு கொள்ளும் ஒரு நொதியைத் தடுக்கிறது என்பது உண்மை. எலிகளிடம் அதற்குப் பலனும் தெரிந்தது. ஆனால் நாம் அன்றாடம் உண்ணும் சாப்பாட்டில் மாவுச்சத்து கொழுப்பாக மாறும் அளவு எலியின் உடலில் நடப்பதைவிட மிகக் குறைவு. அப்படியிருக்க, அந்த வழியை அடைப்பதால் மனிதனுக்கு என்ன லாபம் என்ற கேள்விக்கு 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் பதில் வந்தது. பருமனான 135 பேரை இரு பிரிவாக்கி, இரு பிரிவினருக்கும் ஒரே குறைகலோரி உணவைப் பரிந்துரைத்து, ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் அமிலமும் மறு பிரிவினருக்கு வெற்று மாத்திரையும் 12 வாரங்கள் கொடுத்தார்கள். குடம்புளிச் சாறு சாப்பிட்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ இளைத்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்கள் 4.1 கிலோ இளைத்தார்கள். புள்ளியியல்படி இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. எடையைக் குறைத்தது உணவுக் கட்டுப்பாடு. இத்தகைய ஒப்பீடு இல்லாத விளம்பரத்தில் அந்தப் பெருமை முழுவதையும் மாத்திரை தட்டிச் சென்றுவிடும். பின்னாளில் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோதும் வெற்று மாத்திரையைவிட ஒரு கிலோவுக்குக் குறைவான அனுகூலமே தெரிந்தது.

கிரீன் டீ சாறும் ஏறக்குறைய இதே கதைதான். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2012இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், ஜப்பானுக்கு வெளியே நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்த சராசரி வேறுபாடு 0.04 கிலோ, அதாவது 40 கிராம். நம் ஊர்ப் பந்தியில் வைக்கும் ஒரு வெள்ளைப் பணியாரத்தின் எடைதான் அது. ஜப்பானிய ஆய்வுகளில் சற்றுக் கூடுதலாகக் குறைந்திருக்கிறது என்றாலும், அவை ஒன்றுக்கொன்று ஒவ்வாதவையாக இருந்ததால் அவற்றைக் கூட்டிச் சராசரி எடுக்கவே முடியவில்லை.

பச்சைக் காப்பிக்கொட்டைச் சாற்றின் வரலாற்றைத் தங்கள் வாசகர்கள் சற்று விரிவாகவே அறிய வேண்டும். ஏனெனில் அதன் மூலம் நமக்குப் பக்கத்திலேயே, பெங்களூரில் இருக்கிறது. அங்கே 16 பேரை மட்டும் வைத்து நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2012இல் வெளியானது. 22 வாரங்களில் சராசரியாக எட்டு கிலோ குறைந்தது என்று அதில் எழுதியிருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் ஒரு மருத்துவர் அதைத் தூக்கிப் பிடித்ததும் உலகெங்கும் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. பிறகு அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் அந்த ஆய்வைத் துருவியது. ஆய்வை நடத்தியவர் ஆட்களின் எடையைத் திரும்பத் திரும்பத் திருத்தியிருக்கிறார், ஆய்வு நடந்த காலத்தை மாற்றியிருக்கிறார், யார் சாறு சாப்பிட்டார் யார் வெற்று மாத்திரை சாப்பிட்டார் என்பதையே தவறாகக் குறித்திருக்கிறார் என்று ஆணையம் குற்றஞ்சாட்டியது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த அமெரிக்க நிறுவனம் 2014இல் 35 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. கட்டுரையில் பெயர் போட்டிருந்த பேராசிரியர்கள், தரவுகளுக்கு உறுதியளிக்க முடியவில்லை என்று அதே ஆண்டு கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் பச்சைக் காப்பிக்கொட்டை இன்றும் விற்கிறது. திரும்பப் பெற்ற செய்தி, கட்டுரை போன தூரத்தில் கால்வாசிகூடப் போகவில்லை போலும்.

மற்றவற்றுக்கு இவ்வளவு விரிவு தேவையில்லை. எல்-கார்னிட்டின் கொழுப்பு அமிலங்களைச் செல்லுக்குள் எரியும் இடத்துக்குக் கொண்டு சேர்ப்பது. அதை நம் கல்லீரலும் சிறுநீரகமும் தாமே தயாரிக்கின்றன, ஆட்டுக்கறியிலும் தாராளமாக உண்டு. ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தால் ஒன்றேகால் கிலோ அளவுக்குக் குறைகிறது. சி.எல்.ஏ. என்ற கொழுப்பு அமிலம் நாளொன்றுக்கு மூன்று கிராமுக்கு மேல் எடுத்தால் வாரம் 90 கிராம் கொழுப்பு குறையலாம். ராஸ்பெரி பழத்துக்கு மணம் தரும் ராஸ்பெரி கீட்டோன் எலிகளைத் தாண்டவில்லை. அதைத் தனியாகக் கொடுத்து மனிதர்களின் எடையை அளந்த, சொல்லும்படியான ஆய்வு ஏதும் இல்லை. காஃபின் மட்டும் உடல் செலவிடும் ஆற்றலைச் சில சதவீதம் உயர்த்துவது மெய்தான். ஆனால் உடல் அதற்குச் சீக்கிரம் பழகிவிடுகிறது. ‘சாப்பிட்ட அரை மணி நேரத்தில் உடம்பு சூடாகிறது, வேலை செய்கிறது’ என்று வாடிக்கையாளர்கள் சொல்வது பெரும்பாலும் இந்தக் காஃபினின் வேலை. படபடப்பைக் கொழுப்பு கரைவதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

பெயர்களைவிட என்னை அதிகம் உறுத்துவது அளவு. சில மாதங்களுக்கு முன் கோட்டையூரிலிருந்து ஓர் ஆச்சி, மகன் இணையத்தில் வரவழைத்துக் கொடுத்த கறுப்புப் புட்டி ஒன்றைக் கொண்டுவந்து, “தம்பி, இது பச்சிலைதானே, உடம்பை என்ன செய்யப் போகுது?” என்று கேட்டார். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர். புட்டியின் முகப்பில் தீச்சுவாலை. பின்பக்கத்தில், கண்ணாடியைக் கழற்றி ஒட்டப் பிடித்துப் படிக்க வேண்டிய எழுத்தில், ஆறு சரக்குகளின் பெயர். ஆறுக்கும் சேர்த்து ‘தனியுரிமைக் கலவை’ என்று ஒரே ஒரு மொத்த எடை போட்டிருந்தது. குடம்புளி எவ்வளவு, காஃபின் எவ்வளவு என்று அறிய வழியே இல்லை. எந்த ஆய்வில் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை மனப்பாடமாக வைத்திருந்தாலும் அந்தப் புட்டியோடு ஒப்பிட முடியாது. இரத்த அழுத்தம் உள்ளவர் அளவு தெரியாமல் காஃபின் சாப்பிட வேண்டாம் என்று சொல்லி, பொட்டலத்தைப் பிரிக்காமல் வைக்கச் சொன்னேன்.

‘பச்சிலைதானே’ என்ற நம்பிக்கை கல்லீரல் விஷயத்தில் ஆபத்தானது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கிரீன் டீயின் முக்கியப் பொருளான ஈ.ஜி.சி.ஜி.யை மாத்திரை வடிவில் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தவர்களின் இரத்தத்தில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் உயர்ந்தன. கோப்பையில் வடித்துக் குடிக்கும் தேநீர் வேறு, சாற்றைச் சுண்டவைத்த மாத்திரை வேறு. குடம்புளிச் சாறு சாப்பிட்டவர்களிடமும் கடுமையான கல்லீரல் அழற்சி பதிவாகியிருக்கிறது. எண்ணிக்கையில் இவை அரிதானவை; ஆனால் ஒரு கிலோகூடக் குறையாத மாத்திரைக்காக அந்த அரிதான ஆபத்தை ஏன் ஏற்க வேண்டும்? நம் பக்கத்தில் கண் மஞ்சளித்தால் முதலில் கீழாநெல்லியைத் தேடுகிறோம். மருத்துவரிடம் போகும்போதும் இந்த மாத்திரையை மருந்துக் கணக்கில் சேர்க்காததால் சொல்வதே இல்லை. காரணம் தெரியாமல் மாத்திரையும் தொடர்கிறது.

இதற்கும் மேலே கலப்படம் இருக்கிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2007 முதல் 2016 வரை அறிவிக்கப்படாத மருந்து கலந்தவையாகக் கண்டறிந்த 776 துணையுணவுப் பொருள்களில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் எடைக் குறைப்புக்கானவை. அவற்றில் அதிகமாகக் கிடைத்தது பசியை அடக்கும் சிபுட்ரமின். மாரடைப்பு, பக்கவாத அபாயம் காரணமாக 2011இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட மருந்து அது. ‘மூலிகை’ மாத்திரை ஒன்று திடீரென்று பசியை அடியோடு அடக்கினால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுவதே நல்லது.

இவை எப்படி விற்பனைக்கு வருகின்றன என்று பலர் கேட்கிறார்கள். புதிய மருந்து என்றால் விற்கும் முன் பலனை ஆய்வில் காட்ட வேண்டும். இவை உணவுச் சட்டத்தின்கீழ் வருவதால் அந்தச் சோதனை இல்லை. புட்டியில் உள்ள பதினான்கு இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் தயாரிப்பவருக்கு உரிமம் இருப்பதைச் சொல்கிறது; மாத்திரை எடையைக் குறைக்கும் என்று அரசு சான்றளித்ததாக அதற்குப் பொருள் இல்லை. 2016ஆம் ஆண்டு விதிமுறைகள் ‘மருத்துவப் பயன்பாட்டிற்கு அல்ல’ என்று புட்டியில் அச்சிடச் சொல்கின்றன. மருந்தாக விளம்பரம் செய்தால் 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான விளம்பரச் சட்டம் குறுக்கே நிற்கும். அதன் அட்டவணையில் உடல் பருமனும் ஒன்று. உணவாக விளம்பரம் செய்தால் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவு இருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கும் அந்தப் பிரிவு, வெளியிடுபவரையும் அதில் சேர்த்துத்தான் பேசுகிறது என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

பருமனுக்கு மருந்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. செமாகுளூடைடு என்ற ஊசி மருந்தை 1,961 பேரிடம் 68 வாரங்கள் சோதித்து, வெற்று ஊசி போட்டவர்கள் 2.4 சதவீதம் குறைந்தபோது மருந்து போட்டவர்கள் 14.9 சதவீதம் குறைந்தார்கள் என்று 2021இல் வெளியிட்டார்கள். அதற்கும் குமட்டல் முதலான பக்கவிளைவுகள் உண்டு, விலையும் அதிகம், மருத்துவர் சீட்டில்லாமல் கொடுக்கவும் கூடாது. ஆனால் நான் கேட்ட நான்கு கேள்விகளுக்கும் அதில் விடை இருக்கிறது.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். எடைக் குறைப்பு விளம்பரம் எதை ஏற்பதானாலும், ஒவ்வொரு சரக்கின் அளவையும் மில்லிகிராமில் விளம்பரத்திலேயே அச்சிட வேண்டும் என்று நிபந்தனை விதியுங்கள். ‘நிரூபிக்கப்பட்டது’ என்று போட விரும்புபவர், எத்தனை பேரிடம் எத்தனை கிலோ என்பதையும் அதே எழுத்து அளவில் போடட்டும். அடுத்து, சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்தோ மதுரையிலிருந்தோ ஒரு கல்லீரல் மருத்துவரைக் கொண்டு, இந்த மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் எந்த அறிகுறி தென்பட்டால் உடனே நிறுத்த வேண்டும், எந்த இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதை ஒரு ஞாயிறு இணைப்பிலாவது எழுதச் செய்யுங்கள். வைகாசி முகூர்த்தங்களுக்கு முன்பே அது வெளிவந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
காரைக்குடி.