செவ்வாய்க்கிழமை டோனட்

அன்புள்ள அம்மணிக்கு,

நீ அனுப்பிய டோனட் போட்டோவை அப்பாவுக்குக் காட்டினேன், தேங்காய் போட வந்த ஆட்களுக்கும் காட்டினேன். நன்றாக வந்திருக்கிறது சாமி. பெற்றவள் என்பதற்காகச் சொல்லவில்லை. ஒவ்வொன்றின் இடுப்பிலும் வெளுப்பாக ஒரு கோடு சுற்றி ஓடுகிறதே, நான் முதலில் பார்த்தது அதைத்தான். மாவு போதுமான அளவு உப்பியிருந்தால்தான் டோனட் எண்ணெயில் மூழ்காமல் மிதக்கும். மிதந்தால் மேலும் கீழும் சிவக்கும், நடுவில் மட்டும் எண்ணெய் படாமல் அந்தக் கோடு நிற்கும். அவசரக்காரர்களுக்கு அது வாய்க்காது. பூரிக்கு மாவு பிசையச் சொன்னால் மச்சுக்கு ஓடிப்போகிற பெண்ணாக இருந்தாய், இன்று உன் கைப்பக்குவத்தை ஊருக்கே காட்டிக்கொண்டிருக்கிறேன்.

மேலே ஊற்றிய சாக்லேட்தான் கொஞ்சம் மங்கலாக, திட்டுத் திட்டாகத் தெரிகிறது. உருக்கும்போது ஆவித் தண்ணீர் ஒரு சொட்டு விழுந்திருக்கும். உருகிய சாக்லேட்டில் துளி தண்ணீர் பட்டாலும் இறுகிப்போகும். அப்படி ஆனால் கொட்டிவிடாதே. சூடான பாலையோ கிரீமையோ ஒவ்வொரு கரண்டியாக ஊற்றிக் கலக்கு, தளர்ந்து வரும். அடுத்த முறை 100 கிராம் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, 100 மில்லி கிரீமைக் கொதி வரும்போது இறக்கி அதன் மேல் ஊற்று. இரண்டு நிமிடம் தொடாதே. பிறகு நடுவிலிருந்து மெதுவாகக் கலக்கு. கடைசியில் பளபளப்புக்கு ஒரு ஸ்பூன் வெண்ணெய். டோனட் வெதுவெதுப்பாக இருக்கும்போது முக்கி எடு. சுடச்சுட முக்கினால் எல்லாம் வழிந்து தட்டுக்குப் போய்விடும்.

எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கும்போது குட்டியைச் சமையலறைக்குள் விடாதே.

அந்தப் போட்டோ எங்களுக்கு வந்தது செவ்வாய்க்கிழமை இரவு 11 மணிக்கு. டொரண்டோவில் அப்போது மதியம் 1.30. மாவு பிசைந்து முதல் முறை உப்ப ஒன்றரை மணி நேரம், வட்டமாக வெட்டி வைத்து மறுபடி உப்ப முக்கால் மணி நேரம், அதற்கு மேல் பொரிக்க வேண்டும், ஆற வேண்டும், சாக்லேட்டில் முக்க வேண்டும். காலை பத்து மணிக்காவது மாவில் கை வைத்திருப்பாய். லீவு போட்டிருப்பாள் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. போன வியாழக்கிழமையும் அதே நேரத்துக்கு ஒரு போட்டோ வந்தது. அதற்கும் நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

சரி, மாவு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஊர் மாவு நம் மைதாவைவிட அழுத்தமானது, புரதம் அதிகம், பால் அதிகமாக இழுக்கும். 500 கிராம் மாவுக்கு 7 கிராம் ஈஸ்ட், 60 கிராம் சர்க்கரை, ஒரு முட்டை, 60 கிராம் வெண்ணெய், ஒரு ஸ்பூன் உப்பு. பால் 250 மில்லியில் ஆரம்பித்து, மாவு கேட்டால் இன்னும் இரண்டு கரண்டி. பாலில் விரலை விட்டால் சூடு தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். கொதிக்கிற பாலை ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும், அப்புறம் எத்தனை மணி நேரம் வைத்தாலும் எழும்பாது. வெண்ணெயைக் கடைசியில் சேர். ஒரு துண்டை விரலால் இழுத்தால் கிழியாமல் மெல்லிய திரையாக விரிய வேண்டும், அதுவரை பிசை. குளிர் நாளாக இருந்தால் ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு, சூடு போடாமல் பாத்திரத்தை உள்ளே வை.

அடுத்தது மாவிலேயே கோகோ போட்டுச் செய்யப்போகிறேன் என்றாய். செய், ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 50 கிராம் மாவை எடுத்துவிட்டு அந்த அளவு கோகோப் பொடி சேர்த்தால் மாவே கறுப்பாகிவிடும். வெந்ததா கருகியதா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் எண்ணெய்க்குள் வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள். 175 முதல் 180 டிகிரி, பக்கத்துக்கு ஒரு நிமிடம், அவ்வளவுதான். சூடு குறைந்தால் எண்ணெய் குடிக்கும், ஏறினால் உள்ளே மாவு வேகாது. உளுந்து வடைக்கு ஓட்டை எதற்கோ அதற்குத்தான் இதற்கும், அதை அடைத்துவிடாதபடி நன்றாகப் பெரிதாகவே வெட்டு. எண்ணெய் புகைந்தால் உடனே அணை. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதே, மூடியைப் போட்டு மூடு. மர வீடு அது. குட்டி பக்கத்தில் இருக்கக் கூடாது.

நீ மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தபோது குட்டியைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தேனே, வெள்ளிக்கிழமை ஆனால் ஆபீஸ் விட்டு வரும் வழியில் டிம் ஹார்ட்டன்ஸ் கடையில் டிம்பிட்ஸ், அந்தச் சின்ன உருண்டை டோனட், ஒரு டப்பா வாங்கி வருவாய். இதை வீட்டிலேயே செய்யலாமே என்று கேட்டால், நேரம் எங்கேம்மா என்பாய். மாப்பிள்ளைக்கும் இப்போது சனி ஞாயிறு சேர்த்து ஷிப்ட் என்கிறாய். வீடியோவில் அவரைப் பார்த்து எத்தனை நாளாகிறது. இளைத்துவிட்டாரா என்றுகூடத் தெரியவில்லை. தம்பியிடம் ஏதோ பேசியிருக்கிறாய் என்பது அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அவனிடம் பேசலாம், என்னிடம் பேசக் கூடாதா? இருக்கட்டும். நீயும் அவனும் ஒருவருக்கொருவர் துணையாக இருப்பது எனக்குச் சந்தோஷம்தான்.

மில் மூடிய வருஷம் அப்பா தினமும் தூக்குப்போசியோடு கிளம்பிப் போனது உனக்கு நினைவிருக்கும். அப்போது நீ ஏழாவது படித்தாய். அந்தப் போசி எவ்வளவு கனமாகத் திரும்பி வந்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த வீட்டில் யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெரிய மாமன் மகன் அடுத்த மாதம் அங்கே வருகிறான். அவனிடம் நம் தோட்டத்துக் கோகோ கொடுத்து அனுப்புகிறேன், இந்தக் கடிதமும் அந்தப் பையில்தான் வரும். அணில் விட்டுவைத்த காய்கள். உடைத்து, வாழையிலை போட்டு மூடி ஆறு நாள் புளிக்க வைத்து, வெயிலில் காயப்போட்டு, வறுத்துத் தோலும் நீக்கிவிட்டேன். புளிக்காத கொட்டைக்குச் சாக்லேட் வாசமே வராது, அதனால் இந்த முறை அப்பா பக்கத்திலேயே இருந்து கிளறிவிட்டார். உன் வீட்டுக் கல் கிரைண்டரை நன்றாகக் காயவைத்து, தண்ணீர் ஊற்றாமல் ஓட்டு. கொட்டையில் பாதிக்குப் பாதி கொழுப்புதான், ஓட ஓட அதுவே இளகிக் கூழாகும். கோயம்புத்தூர் கிரைண்டரை வெளிநாட்டில் சாக்லேட் செய்கிறவர்கள் தேடி வாங்குவது இதற்காகத்தான். பொடிக்குப் பதிலாக இதை மாவில் போடாதே, கனத்துப்போகும். சர்க்கரை சேர்த்து அரைத்து மேலே ஊற்ற வைத்துக்கொள்.

கோகோ என்றதும் இன்னொன்று. 2024-ல் கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் விளைச்சல் கெட்டு, உலகச் சந்தையில் டன் 10,000 டாலரைத் தாண்டியது. அப்போது நமக்கும் இதுவரை பார்க்காத விலை கிடைத்தது. இப்போது இறங்கிவிட்டது. அந்தப் பணத்தில் இன்னொரு போர்வெல் போடலாம் என்றார் அப்பா. நான் வேண்டாம் என்றேன், பிறகு அவரும் வேண்டாம் என்றார். அப்பிச்சி வைத்த தோட்டம், பேத்திக்கு வந்த பணம் என்று அப்படியே பேங்கில் கிடக்கிறது. பொள்ளாச்சிக்குப் போனபோது மேனேஜரிடம் கேட்டுவிட்டேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பலாம், பான் கார்டும் ஒரு பாரமும் வேண்டும் என்றார். பாரத்தை வாங்கி வந்து என் பெயர் வரை எழுதி வைத்திருக்கிறேன்.

நீ எனக்கு எதுவும் விளக்க வேண்டாம். எதற்கு என்றும் நான் கேட்கமாட்டேன். தெர்மாமீட்டர் வாங்கு, வீட்டு வாடகை கட்டு, அது உன் விருப்பம். உன் கனடா பேங்க் கணக்கு எண் பழையதுதானா, மாறிவிட்டதா என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அம்மா